கேள்விக்கு அப்பாற்பட்ட எண்ணா அது?

ஒளியின் வேகம் மாறாதது என்பது நிரூபிக்கப்பட்ட உண்மையல்ல. ஐன்ஸ்டைன் சொன்னார் என்பதற்காக உலகம் ஒப்புக்கொண்ட நம்பிக்கை அது. அதைச் சந்தேகிப்பவர்களை அறிவியல் உலகம் ஒதுக்கி வைத்துவிடும். இந்த மூன்று கூற்றுகளும் சேர்ந்து இன்று தமிழில் பரவலாக உலவுகின்றன. மேடைப் பேச்சுகளிலும் யூடியூப் உரைகளிலும் மட்டுமல்ல, பொறியியல் படித்தவர்கள் வாயிலிருந்தும் இவற்றைக் கேட்கிறேன். சொல்பவர்களில் பலர் நேர்மையானவர்கள். யார் சொன்னாலும் அப்படியே ஏற்காதே என்னும் நல்ல உணர்விலிருந்து பேசுகிறார்கள். அந்த உணர்வு எனக்கும் உண்டு. ஆகவேதான் இந்தக் கருத்தை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. 350 ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டு, கருவி செய்து, அளந்து, தோற்று, மறுபடி அளந்து மனிதர்கள் அடைந்த ஒன்றை, கேள்வியே கேட்கப்படாத ஒன்று என்று சொல்வது அந்த உழைப்புக்கு இழைக்கும் அநீதி.

இந்த வாதத்தின் வலுவான வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். அதை உலகறியச் சொன்னவர் ரூபர்ட் ஷெல்ட்ரேக். கேம்பிரிட்ஜில் பயின்று தாவர உடலியலில் ஆய்வு செய்தவர். ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் நிறுவனத்தில் பணியாற்றியவர். தம் முதல் நூலைக் குளித்தலைப் பக்கம் காவிரிக் கரையில் உள்ள சாந்திவனம் ஆசிரமத்தில் தங்கி எழுதியவர். 1928க்கும் 1945க்கும் இடையே உலகெங்கும் அளக்கப்பட்ட ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் குறைந்தது, பிறகு மீண்டும் ஏறியது, இதை விளக்க முடியாத அறிவியலாளர்கள் பின்னர் அந்த எண்ணைச் சட்டம் போட்டு நிலைநிறுத்திவிட்டார்கள் என்பது அவர் வாதம். 2013இல் இலண்டனில் ஒரு டெட்எக்ஸ் மேடையிலும் இதைச் சொன்னார். அந்த உரையை டெட் அமைப்பு தன் யூடியூப் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. அது தவறான முடிவு என்பதே என் கருத்து. விடை சொல்ல முடிந்த கேள்விக்கு விடைதான் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டுகளில் நடந்தது இதுதான். 1926இல் ஆல்பர்ட் மைக்கல்சன் கலிபோர்னியாவின் வில்சன் மலையிலிருந்து 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இன்னொரு மலைக்கு ஒளியை அனுப்பித் திரும்பப் பெற்று, சுழலும் ஆடிகளைக் கொண்டு அளந்தார். நொடிக்கு 2,99,796 கிலோமீட்டர், பிழை எல்லை 4 என்றார். காற்றின் தலையீடு வேண்டாம் என்று அடுத்து ஒரு மைல் நீளக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றி அளக்கத் தொடங்கினார். வேலை முடியும் முன் 1931இல் இறந்துபோனார். உடனிருந்த பீஸும் பியர்சனும் அதை முடித்து 1935இல் வெளியிட்ட விடை 2,99,774, பிழை எல்லை 11. வேறு முறையில் அளந்தவர்களும் அந்த எண்ணை ஒட்டியே விடை தந்தார்கள். 1941இல் ரேமண்ட் பர்ஜ் எல்லாவற்றையும் தொகுத்து 2,99,776 என்றும், பிழை எல்லை 4 என்றும் அறிவித்தார். இன்று நாம் அறிந்த எண் 2,99,792.458. அதாவது பர்ஜ் 16 கிலோமீட்டர் தள்ளி நின்றார். தாமே சொன்ன பிழை எல்லையைப் போல நான்கு மடங்கு.

இதில் ஷெல்ட்ரேக் பக்கம் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அந்த அளவீட்டாளர்கள் தங்கள் பிழை எல்லையைக் குறைத்து மதிப்பிட்டார்கள். முன்னவர் எண்ணோடு தம் எண் ஒத்துப்போனதும் பிழை தேடுவதை நிறுத்திவிடுவது மனித இயல்பு. ஆய்வுக்கூடத்திலும் அது நடக்கிறது. ஆனால் அந்தத் தேக்கத்தை உடைத்தது எது? ஆசிரமத்துச் சிந்தனையோ மேடைப் பேச்சோ அல்ல. இங்கிலாந்தின் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் லூயி எசன் என்பவர் போர்க்காலத்தில் ரேடாருக்காக வளர்ந்த நுண்ணலை நுட்பத்தை எடுத்துக்கொண்டார். உலோக உருளைக்குள் அலைகளை அடைத்து, எந்த அதிர்வெண்ணில் அவை ஒத்ததிர்கின்றன என்று பார்த்தார். உருளையின் அளவும் அதிர்வெண்ணும் தெரிந்தால் வேகம் தெரிந்துவிடும். 1950இல் அவர் தந்த விடை 2,99,792.5, பிழை எல்லை 3. உலகம் ஒப்புக்கொண்ட எண்ணைவிட 16 கிலோமீட்டர் அதிகம். அதே காலத்தில் சுவீடனின் பெர்க்ஸ்ட்ராண்ட், ஒளியையே கொண்டு முற்றிலும் வேறொரு கருவியால் அளந்து ஏறக்குறைய அதே எண்ணை அடைந்தார். 1957இல் பன்னாட்டு வானொலி அறிவியல் ஒன்றியம் எசனின் எண்ணை ஏற்றுக்கொண்டது. பழைய எண்ணின் மீது புனிதம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை, சிறந்த அளவீடு வந்ததும் அது கைவிடப்பட்டது.

வேகம் உண்மையிலேயே 1928இல் இறங்கி 1945இல் ஏறியிருந்தால்? அதற்கும் சாட்சி வானத்தில் இருக்கிறது. அணுக்கள் உமிழும் ஒளியின் நிறமாலைக் கோடுகளுக்குள் நுண்ணிய பிளவுகள் உண்டு. அந்தப் பிளவின் அளவைத் தீர்மானிக்கும் எண்ணில் எலக்ட்ரானின் மின்னூட்டத்தோடும் பிளாங்க் மாறிலியோடும் ஒளியின் வேகமும் சேர்ந்திருக்கிறது. 1928க்கு முன் புறப்பட்ட ஒளியும், இடையில் புறப்பட்ட ஒளியும், பிறகு புறப்பட்ட ஒளியும் தொலைவுக்கேற்ப வெவ்வேறு விண்மீன்களிலிருந்து இன்றும் நம்மை வந்தடைந்துகொண்டே இருக்கின்றன. பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் குவாசர்களிலிருந்து கிளம்பிய ஒளியும் வருகிறது. அந்தக் குவாசர் ஒளியின் பிளவுகளை நம் ஆய்வுக்கூடத்துப் பிளவுகளோடு ஒப்பிட்டால், அந்த எண் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குள் ஒத்துப்போகிறது. ஷெல்ட்ரேக் சொல்லும் சரிவு 15,000இல் ஒரு பங்கு. அது நடந்திருந்தால் மறைந்திருக்க வழியே இல்லை. இதையும் சொல்ல வேண்டும்: ஜான் வெப் என்பவரும் கூட்டாளிகளும் அந்த எண் லட்சத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு மாறியிருக்கலாம் என்று 1999இலும் 2001இலும் அறிவித்தபோது, உலகின் முதன்மையான இயற்பியல் இதழே அவற்றை வெளியிட்டது. அவர்களை யாரும் துரத்தவில்லை. மற்றவர்கள் வேறு தொலைநோக்கிகளை எடுத்துக்கொண்டு சரிபார்க்கக் கிளம்பினார்கள்.

இனி 'எண்ணைச் சட்டம் போட்டுப் பூட்டிவிட்டார்கள்' என்னும் குற்றச்சாட்டு கேட்பவரை உடனே கவர்ந்துவிடுகிறது, அதனால் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1960 முதல் மீட்டரின் வரையறை கிரிப்டான் விளக்கின் ஆரஞ்சு ஒளியைச் சார்ந்திருந்தது. 1972இல் அமெரிக்காவின் போல்டரில் எவன்சனும் குழுவினரும் லேசர் கொண்டு ஒளியின் வேகத்தை நொடிக்கு 29,97,92,456.2 மீட்டர் என்று அளந்தார்கள், பிழை எல்லை 1.1 மீட்டர். அந்த 1.1 மீட்டரும் பெரும்பாலும் வேகத்தை அளந்ததில் வந்த பிழையல்ல. கிரிப்டான் விளக்கின் கோடு சீராக இல்லாததால், மீட்டர் என்றால் எவ்வளவு என்பதிலேயே இருந்த தெளிவின்மை. துணியைவிட அளவுகோல் அதிகமாக ஆடினால் எந்தக் கடைக்காரரும் அளவுகோலைத்தான் மாற்றுவார். 1983இல் பன்னாட்டு எடை அளவைப் பொது மாநாடு அதைத்தான் செய்தது. ஒளி வெற்றிடத்தில் ஒரு நொடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தொலைவே மீட்டர் என்று வரையறுத்தது.

இதனால் ஒளியின் இயல்பு மாறினால் நமக்குத் தெரியாமல் போய்விடுமா? போகாது. ஒரு படிகத் துண்டின் நீளத்தை நிர்ணயிப்பது அணுக்களுக்கிடையே உள்ள மின்விசை. சீசியம் கடிகாரத்தின் துடிப்பை நிர்ணயிப்பது அணுக்கருவும் எலக்ட்ரானும் ஒன்றோடொன்று கொள்ளும் காந்த உறவு. ஒளி இவை இரண்டையும் இணைக்கிறது. மாற்றம் ஏதும் நிகழ்ந்தால் இவை ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். படிகக் குழிகளில் அடைத்த லேசர் ஒளியை அணுக்கடிகாரங்களோடு ஒப்பிடும் வேலை இன்று பல ஆய்வகங்களில் நடக்கிறது. இத்தகைய குழிகளை மேடையில் சுழற்றி, எந்தத் திசையிலாவது ஒளி வேகமாகவோ மெதுவாகவோ போகிறதா என்றும் பார்க்கிறார்கள். 1க்குப் பின் 17 சுழிகள் கொண்ட எண்ணில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வேறுபாடு தென்படவில்லை. பூட்டப்பட்டது நீளத்தின் அலகு மட்டுமே, இயற்கையைச் சோதிக்கும் கதவு திறந்தே இருக்கிறது.

அடுத்து, 'ஐன்ஸ்டைனின் வெறும் நம்பிக்கை' என்னும் கூற்று. ஐன்ஸ்டைன் சார்பியலை வெளியிட்ட 1905க்கு அரை நூற்றாண்டு முன்பே, 1856இல், வெபரும் கோல்ராஷும் ஜெர்மனியில் ஒளியைத் தொடாமல் மின்னூட்டத்தையும் மின்னோட்டத்தையும் மட்டும் வைத்து ஒரு விகிதத்தை அளந்தார்கள். மேக்ஸ்வெல் தம் சமன்பாடுகளிலிருந்து மின்காந்த அலையின் வேகத்தைக் கணக்கிட்டபோது அந்த விகிதத்திலிருந்தே ஒளியின் வேகம் வெளிவந்தது. அந்தச் சமன்பாடுகளில் 'யாரைப் பொறுத்து இந்த வேகம்' என்ற கேள்விக்கு இடமே இல்லை. ஈதர் என்னும் ஊடகத்தைப் பொறுத்து என்று எல்லோரும் எண்ணினார்கள். மைக்கல்சனும் அப்படியே எண்ணினார். 1887இல் கிளீவ்லாந்தில் மோர்லியோடு சேர்ந்து அவர் அமைத்த கருவி, நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றும் பூமி ஈதரைக் கிழித்துச் செல்வதைக் காட்ட வேண்டியது. எதிர்பார்த்த இடப்பெயர்ச்சியில் இருபதில் ஒரு பங்குகூடத் தென்படவில்லை. ஈதரை நம்பியவரே அதற்கு எதிரான முதல் சாட்சியைத் தந்தார். நம்பிக்கைக்காகப் பரிசோதனையைத் திருத்தும் உலகத்தில் இது நடந்திருக்காது.

ஒளி தன்னை உமிழும் பொருளின் வேகத்தையும் சேர்த்துக்கொண்டு வரலாமே என்று வால்டர் ரிட்ஸ் 1908இல் கேட்டார். அருமையான கேள்வி. மைக்கல்சன் முடிவையும் அது விளக்கிவிடும். ஆனால் அப்படியானால் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களில் நம்மை நோக்கி வரும்போது கிளம்பிய ஒளி, விலகும்போது கிளம்பிய ஒளியை முந்திக்கொண்டு வந்து, சுற்றுப்பாதையே குழம்பித் தெரிய வேண்டும் என்று 1913இல் டி சிட்டர் காட்டினார். அப்படித் தெரியவில்லை. விண்வெளியில் உள்ள வாயு அந்த ஒளியை உறிஞ்சி மறுபடி உமிழ்ந்திருக்கலாம் என்று இதற்கும் மறுப்பு வந்தது. அதையும் தீர்த்துக்கொள்ள 1964இல் செர்ன் ஆய்வகத்தில் ஆல்வேகரும் குழுவினரும், ஒளியின் வேகத்தில் 99.975 விழுக்காட்டில் பறந்துகொண்டிருந்த பையான் துகள்கள் சிதையும்போது வெளிவரும் காமாக் கதிர்களை அளந்தார்கள். ரிட்ஸ் சொன்னது சரியென்றால் அவை இருமடங்கு வேகத்தில் வந்திருக்க வேண்டும். வழக்கமான வேகத்திலேயே வந்தன. எதிர்க் கேள்விக்கு எதிர்க் கேள்வி கேட்டு ஐம்பது ஆண்டுகள் நடந்த வாதம் இது. இதற்கு நம்பிக்கை என்று பெயர் வைப்பவர்கள் இதைப் படித்திருக்க மாட்டார்கள் என்றே கொள்கிறேன்.

'ஒளி போய்த் திரும்பும் வேகத்தை மட்டுமே அளந்திருக்கிறார்கள், ஒருவழி வேகத்தை யாரும் அளக்கவில்லை, அதை மறைக்கிறார்கள்' என்று சொல்பவர்களும் உண்டு. முதல் பாதி சரி. தொலைவில் உள்ள இரண்டு கடிகாரங்களை ஒன்றாக ஓட வைக்க ஏதாவதொரு குறி அனுப்பியாக வேண்டும், அதற்கே ஒருவழி வேகம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மறைத்தவர் யார்? ஐன்ஸ்டைன் தம் 1905ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் பிரிவிலேயே போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்பதை ஒரு வரையறையாக வைத்துக்கொள்கிறேன் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

சந்தேகிப்பவர்களை ஒதுக்கிவிடுவார்கள் என்னும் மூன்றாவது கூற்றுக்கு வருவோம். டேட்டன் மில்லர் என்னும் அமெரிக்கர் 1920களில் வில்சன் மலை உச்சியில் மைக்கல்சன் பரிசோதனையைப் பல்லாயிரம் முறை திரும்பச் செய்து, ஈதர் ஓட்டம் நொடிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தென்படுகிறது என்றார். அது உண்மையானால் சார்பியல் விழுந்துவிடும் என்பதை ஐன்ஸ்டைனே ஒப்புக்கொண்டார். மில்லர் அப்போது அமெரிக்க இயற்பியல் கழகத்தின் தலைவர். அந்த ஆய்வுக்காக அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் அவருக்கு ஆயிரம் டாலர் பரிசும் தந்தது. கென்னடி, இல்லிங்வொர்த், ஜெர்மனியின் யோஸ் ஆகியோர் இன்னும் நுட்பமான கருவிகளால் தேடினார்கள், ஓட்டம் அகப்படவில்லை. 1955இல் ஷாங்க்லண்டும் கூட்டாளிகளும் மில்லரின் குறிப்பேடுகளையே எடுத்து ஆராய்ந்து, அறையின் வெப்பநிலை ஏற்றத்தாழ்வே அந்தத் தோற்றத்தைத் தந்தது என்று காட்டினார்கள். இறந்துபோன ஒருவரின் தரவை 30 ஆண்டு கழித்துத் தேடி எடுத்து அலசியிருக்கிறார்கள்.

மேலே சொன்ன எசனின் கதை இன்னும் கூர்மையானது. 1955இல் துல்லியமான முதல் சீசியம் அணுக்கடிகாரத்தைக் கட்டியவர் அவரே. அவர் சார்பியலை ஏற்கவில்லை. நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பதில் தர்க்கப் பிழை இருப்பதாக 1971இல் எழுதினார், அந்தச் சிறு நூலை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகமே வெளியிட்டது. சார்பியல் எதிர்ப்பாளர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். ஆனால் அதே 1971 அக்டோபரில் நடந்ததைச் சொல்வதில்லை. ஹாஃபலே, கீட்டிங் என்னும் இருவர் நான்கு சீசியம் கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தார்கள். கிழக்கு நோக்கிப் போனவை 59 நானோநொடி பின்தங்கின, மேற்கு நோக்கிப் போனவை 273 நானோநொடி முந்தின. சார்பியல் கணித்தது 40 பின்தங்கலும் 275 முந்துதலும், கணிப்பின் பிழை எல்லை இருபதுக்குச் சற்று மேல். எசனைப் பெருங்கலைஞர் என்றே மதிக்கிறேன். அவருடைய ஐயத்துக்கு அவர் உலகுக்குத் தந்த கருவியே விடை சொன்னது.

நம் பக்கத்திலிருந்தும் ஒருவர். கோட்டயத்தில் பிறந்து சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்த இ.சி.ஜி. சுதர்சன், 1962இல் பிலானியுக், தேஷ்பாண்டே ஆகியோரோடு எழுதிய கட்டுரையில், ஒளியைவிட எப்போதுமே வேகமாகச் செல்லும் துகள்களைச் சார்பியல் தடை செய்யவில்லை என்று வாதிட்டார். ஒளியின் வேகம் இரு பக்கமும் கடக்க முடியாத சுவர்தான், சுவருக்கு அப்பாலேயே பிறந்தவை அப்பாலேயே இருக்கலாமே என்றார். பின்னாளில் டாக்கியான் என்று பெயர் பெற்ற அந்தத் துகளை ஆய்வகங்களில் தேடினார்கள், கிடைக்கவில்லை. அதற்காகச் சுதர்சன் ஒதுக்கப்பட்டாரா? 1984இல் சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார்.

2011 செப்டம்பரில், செர்னிலிருந்து 730 கிலோமீட்டர் தொலைவில் இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் இருந்த ஓபெரா குழு, நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோநொடி முன்னால் வந்துவிட்டன என்று அறிவித்தது. செர்ன் அந்த அறிவிப்புக்குத் தன் அரங்கையே கொடுத்தது. சில வாரங்களில் ஆதரித்தும் எதிர்த்தும் கட்டுரைகள் குவிந்தன. 1987இல் 1,68,000 ஒளியாண்டுக்கு அப்பால் வெடித்த விண்மீனின் நியூட்ரினோக்கள் ஒளிக்குச் சில மணி நேரமே முன்னால் வந்தன. ஓபெரா சொன்ன விகிதத்தில் ஓடியிருந்தால் நான்கு ஆண்டுகள் முன்னால் வந்திருக்க வேண்டும் என்று பலர் சுட்டிக்காட்டினார்கள். அந்தச் சில மணி நேரமும் வெடிப்பு விண்மீனின் மேற்பரப்பை எட்டிப் பிடிக்க எடுத்துக்கொண்ட நேரம். கடைசியில் சரியாகத் திருகப்படாத ஓர் ஒளியிழை இணைப்பைக் கண்டுபிடித்து வெளியே சொன்னது ஓபெரா குழுவே.

இந்தத் தவறான கருத்து வேர்விட நம் பள்ளிக்கூடங்களுக்கும் பங்குண்டு. 'ஒளியைவிட வேகமாக எதுவும் செல்ல முடியாது என்று ஐன்ஸ்டைன் கூறினார்' என்று ஒரே வரியில் ஆணையாகச் சொல்லிக் கொடுத்தால், ஆணையை மீறத் துடிக்கும் மாணவர் உருவாகத்தானே செய்வார்? தண்ணீரில் ஒளி நொடிக்குச் சுமார் 2,25,000 கிலோமீட்டரே செல்கிறது. அங்கே அதை முந்தும் எலக்ட்ரான்கள் உண்டு, அணு உலைத் தொட்டிகளின் நீல ஒளி அப்படிப் பிறப்பதே. எல்லை வெற்றிடத்து வேகத்துக்கு. அதுவும் ஒளியின் தனி மகிமை அல்ல. சீரான வேகத்தில் செல்லும் எல்லோருக்கும் இயற்கை விதிகள் ஒன்றே, வெளி எத்திசையிலும் ஒரே தன்மையது என்ற கருத்துகளிலிருந்தே எல்லோருக்கும் பொதுவான ஓர் உச்ச வேகத்துக்கு வழி பிறக்கும் என்று 1910இல் இக்னடோவ்ஸ்கி காட்டினார். அது முடிவிலியா, குறிப்பிட்ட எண்ணா என்பதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். ஒளிக்கு நிறை இல்லாததால் அது அந்த எல்லையில் ஓடுகிறது. நாளை ஒளித்துகளுக்கு மிக நுண்ணிய நிறை இருப்பது தெரிந்தால் ஒளி அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே ஓடும், எல்லை அங்கேயே இருக்கும்.

2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒருவர் நியூட்டனும் ஐன்ஸ்டைனும் தவறு என்று மேடையில் அறிவித்தார். துணிவு என்று அதைப் பாராட்டியவர்களும் இருந்தார்கள். ஐன்ஸ்டைன் தவறு என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. அதற்கு ஒரு விலையும் உண்டு: இதுவரை அளக்கப்பட்டவற்றுக்கு உங்கள் கோட்பாடு எண்ணோடு விடை சொல்ல வேண்டும். 1977இல் செர்ன் வளையத்தில் சுற்றிய மியூவான்கள் 2.2 மைக்ரோநொடிக்குப் பதில் ஏறத்தாழ 64 மைக்ரோநொடி ஏன் வாழ்ந்தன? நம் கைப்பேசிக்கு இடம் காட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் ஏன் நாளுக்கு 38 மைக்ரோநொடி முந்துகின்றன? 2017 ஆகஸ்ட் 17 அன்று 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது எழுந்த ஈர்ப்பலையும் காமாக் கதிரும் அவ்வளவு தூரம் ஓடிவந்து 1.7 நொடி இடைவெளியில் எப்படி வந்து சேர்ந்தன?

கேள்வி கேட்க விரும்பும் இளைஞர்களுக்கு இன்றும் வேலை இருக்கிறது. வெளியும் காலமும் மிக நுண்ணிய அளவில் தொடர்ச்சியற்றவையாக இருந்தால், அதிக ஆற்றல் கொண்ட ஒளித்துகள் குறைந்த ஆற்றல் கொண்டதைவிட ஒரு துளி பின்தங்கலாம் என்று சில குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடுகள் எதிர்பார்க்கின்றன. 2009 மே 10 அன்று 700 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வந்த ஒரு காமா வெடிப்பை ஃபெர்மி செயற்கைக்கோள் பதிவு செய்தது. அதில் வந்த 31 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட ஒரு தனி ஒளித்துகள், மற்றவை வந்த ஒரு நொடிக்குள் வந்து சேர்ந்தது. எதிர்பார்க்கப்பட்ட பின்தங்கல் அதில் இல்லை. இன்னும் தொலைவான, இன்னும் ஆற்றல் மிகுந்த வெடிப்புகளில் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.